வடக்கும் கிழக்கும் இடம் மாறிய நாள்

மகன்,

இதை உனக்குத் தனியாக அனுப்பியிருக்கலாம். அனுப்பினால் முதல் இரண்டு வரியைப் பார்த்துவிட்டு, "வேலையா இருக்கிறன் அம்மா, பிறகு கதைக்கிறன்" என்று பதில் போடுவாய். அந்தப் பிறகு எப்போது வரும் என்று எனக்குத் தெரியாது. அதனால் சங்கத்தின் இணையப் பக்கத்தில், எல்லோரும் வாசிக்கிற இடத்தில் போடுகிறேன். தலைவரிடம் கேட்டேன். "போடுங்கோ அக்கா, ஊருக்கும் சரியான கதை தெரியட்டும்" என்றார். ஊரில் இப்போது ஆளுக்கொரு கதை. சூசையின் படகைக் கம்பியூட்டர் முள்ளிக்குளத்துக்கு அனுப்பிவிட்டது என்று ஒருவர் சொல்கிறார். கொழும்பிலிருந்து யாரோ விளையாட்டுக்கு எதையோ மாற்றிவிட்டார்கள் என்கிறார் இன்னொருவர். போன கிழமை மீன் சந்தையில் ஒரு பெண் என்னிடமே வந்து, "உங்கட மகனை வேலையால நிப்பாட்டிப்போட்டாங்களாமே?" என்று கேட்டாள். வேலையால் நிற்பாட்டவில்லை, இதைவிடப் பெரிய வேலைக்கு வெளிநாடு போகிறான் என்று சொன்னேன். அவள் நம்பினதாகத் தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி ஒரு தடவை எழுதிவிட்டால் எனக்கும் மனம் ஆறும். நீயும் போவதற்கு முன்னால் இதை முழுதாக வாசிக்க வேண்டும். அன்றைக்கு நீ கொழும்பில் இருந்தாய். தொலைபேசியில் கேட்டதுதான் உனக்குத் தெரியும். நாங்கள் கண்ணால் பார்த்தது உனக்குத் தெரியாது.

முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன். நசீரின் கை ஆறிவிட்டது. தையல் பிரித்து, விரல்கள் ஐந்தும் அசைகின்றன. நேற்று கந்தோருக்கு வந்தவர், என் மேசையில் இருந்த தேநீர்க் கோப்பையை அந்தக் கையாலேயே தூக்கி, ஒரு மிடறு குடித்துவிட்டு, "பாத்தீங்களா ராத்தா, ஒரு துளி சிந்தேல்ல" என்று சொல்லிச் சிரித்தார். என் தேநீரைத்தான் குடித்தார். அதற்காக எனக்கு ஒரு கோபமும் வரவில்லை.

வெளியூர் ஆட்களும் வாசிப்பார்கள் என்பதால் எங்களைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். நான் மன்னார்த் தீவின் தென்கரையில் ஒரு மீனவர் சங்கத்தின் கந்தோரில், அதாவது அலுவலகத்தில், வேலை பார்க்கிறேன். படகுகள் விடிய வெளிக்கிட்டு, வலை போடுகிற இடத்துக்குப் போனதும் எனக்குத் தொலைபேசி எடுத்து, நிற்கிற இடத்தைச் சொல்லும். நான் அதைக் கணினியில் பதிவேன். சூசை என் தம்பி, உன் மாமா. உன் அப்பா இறந்தபோது நீ பள்ளிக்கூடம் போகத் தொடங்கவில்லை. அதற்குப் பிறகு உன்னைச் சைக்கிள் பாரில் இருத்திப் பள்ளிக்கூடத்துக்கும், வளர்ந்தபின் கம்பியூட்டர் வகுப்புக்கும் ஏற்றிப் போனது அவர்தான். வகுப்பு முடியும்வரை வெளியே மதகில் குந்தியிருந்து வலை பற்றி யாருடனாவது சண்டை பிடித்துக்கொண்டிருப்பார். நசீர் எங்கள் தீவிலேயே தாராபுரத்து ஆள். மாமாவின் படகில் நெடுங்காலமாகக் கூடப் போகிறவர். சங்கத்தின் கணினியில் படகு விபரங்களைப் பதிய நீ சம்பளம் வாங்காமல் ஒரு அட்டவணை செய்து தந்தாய். அதைத்தான் நான் பாவிக்கிறேன்.

எங்கள் கடலை வரைபடத்தில் கட்டம் கட்டமாகப் பிரித்திருக்கிறோம். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் இடத்தைச் சொல்ல இரண்டு எண்கள். முதலாவது எவ்வளவு வடக்கு, இரண்டாவது எவ்வளவு கிழக்கு. ஆனால் வடக்கு, கிழக்கு என்ற சொல்லைக் கடலில் யாரும் சொல்வதில்லை. "அக்கா, தென்கட்டம், ஐம்பத்திரண்டு, முப்பத்தெட்டு" என்பார்கள், வைத்துவிடுவார்கள். முதல் சொன்னது வடக்கு என்று சொன்னவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் அதே ஒழுங்கில் அடிப்பேன். கணினித் திரையில் நான் எண்களை அடிக்க நீ செய்து தந்த பதிவு ஜன்னலும் அதே ஒழுங்கில் அட்டவணைக்குள் போடும். யாருக்கும் ஒரு குழப்பமும் இருந்ததில்லை.

பிறகு நீ உயிர்த்த ஞாயிறு விடுமுறைக்கு வந்தாய். கந்தோர்ச் சுவரில் ஒரு பெரிய தொலைக்காட்சியைப் பொருத்தி, அதில் கடலின் வரைபடத்தைப் போட்டு, ஒவ்வொரு படகும் கடைசியாக நின்ற இடத்தை ஒரு புள்ளியாகக் காட்டினாய். அந்த நாள் எனக்கு நல்ல ஞாபகம். சூசையின் மனைவி ரீற்றா அவனுடைய புள்ளியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். "இதுக்குள்ளயே நிண்டவர் மனுசன்?" என்று கேட்டாள். உனக்கு வெட்கமும் சந்தோசமும். அந்த வரைபடத்துக்குக் கிழக்கை முதலிலும் வடக்கை இரண்டாவதாகவும் கொடுக்க வேண்டுமாம். உலகத்தில் பாதி வரைபடங்கள் அப்படித்தான் கேட்குமாம். அதற்காக அட்டவணையிலும் கிழக்கு என்ற நிரலை முன்னுக்கு வைத்தால் வடிவாக இருக்கும் என்று நினைத்தாய். அட்டவணையில் மேலிருந்து கீழே போவது நிரல் என்று பள்ளிக்கூடத்தில் நீ படித்தபோது எனக்கும் சொல்லித் தந்தாய். உன் தரவுத்தளத்தில் ஒரு நிரலைத் தூக்கி இன்னோர் இடத்தில் வைக்க முடியாது என்பதால் புதிய அட்டவணை ஒன்றை வேண்டிய ஒழுங்கில் செய்து, பழைய பதிவுகளை அதற்குள் ஊற்றினாய். ஊற்றும்போது ஒவ்வொரு நிரலையும் பெயர் சொல்லித்தான் ஊற்றினாய். அதனால் பழைய புள்ளிகள் எல்லாம் சரியான இடத்தில் நின்றன. நீ ஒன்றுக்கு இரண்டு தரம் பார்த்தாய், நானும் பார்த்தேன். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கொழும்புக்குப் போனாய்.

என் மேசையில் இருந்த பதிவு ஜன்னலை மட்டும் யாரும் நினைக்கவில்லை. அது பழையது. அதற்கு நிரல்களின் பெயர் தெரியாது. முதல் எண்ணை முதல் இடத்திலும் இரண்டாம் எண்ணை இரண்டாம் இடத்திலும் வைத்துவிட்டு வரும். இடம் மாறியிருந்தது அதற்கு எப்படித் தெரியும்? எண் இருக்க வேண்டிய இடத்தில் நான் ஒரு பெயரை அடித்திருந்தால் கணினி சத்தம் போட்டிருக்கும். இரண்டும் எண் என்பதால் வாயைத் திறக்கவில்லை. வடக்கு கிழக்காகவும் கிழக்கு வடக்காகவும் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டன.

விடுமுறை முடிந்து படகுகள் திரும்பக் கடலுக்கு இறங்கிய நாள் அது. காலையில் வழமைபோல அழைப்புக்கு மேல் அழைப்பு. வேலை கூடின காலை என்பதால் நான் தொலைக்காட்சியைப் போடவில்லை. பின் நேரத்தில் பெண்கள் வந்து பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். சூசையும் எடுத்தான், சொன்னான், அடித்தேன். வரிசையாக எத்தனையோ படகு சொல்லும்போது எந்தப் படகு எந்த எண் என்று மனதில் நிற்காது. மத்தியானம் சூசையின் இலக்கத்திலிருந்து திரும்ப அழைப்பு வந்தது. தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கத் தொடங்கியிருந்தது. தொலைபேசிக்குள் காற்றின் இரைச்சல்தான் கூடக் கேட்டது.

"அக்கா, எஞ்சின் நிண்டுட்டுது. திறந்து பாக்கேக்க நசீர்ட கை உள்ள மாட்டிட்டுது. சரியான ரத்தம். கெதியா ஆரையும் அனுப்பு."

"எங்க நிக்கிறாய்?"

"காலமை சொன்ன இடந்தான், நங்கூரம் போட்டிருக்கிறன்" என்றான். அவ்வளவுதான், தொடர்பு போய்விட்டது. திரும்ப எடுத்தேன், போகவில்லை. 

நான் எழும்பித் தொலைக்காட்சியைப் போட்டேன். சூசையின் புள்ளி தெற்கே முள்ளிக்குளத்துக்கு நேரே, கரையிலிருந்து அதிகம் தூரமில்லாத கடலில் நின்றது. அதைப் பார்த்ததும், கரைக்குக் கிட்டத்தானே என்று எனக்கு ஒரு நிம்மதி வந்தது. தலைவர் வந்தார். கடற்படைக்குச் சொன்னோம். எங்கள் கரையில் நின்ற இரண்டு படகுகள் முள்ளிக்குளம் பக்கமாக விரைந்தன. செய்தி கேட்டு ரீற்றா கூந்தலைக்கூட முடிந்துகொள்ளாமல் ஓடி வந்தாள். வரைபடத்தைப் பார்த்ததும், "அங்க ஏன் போனவர்? அவர் அந்தப் பக்கம் போறேல்லயே" என்றாள். "மீனுக்காகப் போயிருப்பான் பிள்ளை" என்று தலைவர் சொன்னார். நானும் தலையாட்டினேன். திரையில் புள்ளி பளிச்சென்று நிற்கும்போது ரீற்றா சொன்னது எங்கள் காதில் ஏறவில்லை.

போன படகுகள் நெடுநேரம் கழித்து, அங்கே ஒன்றும் இல்லை என்று சொன்னார்கள். சுற்றிச் சுற்றித் தேடுகிறோம், கடல் வெறுமையாக இருக்கிறது என்றார்கள். ரீற்றா சுவரோடு சாய்ந்து செபமாலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்போதுதான் நான் உனக்கு எடுத்தேன். உதவி கேட்க எடுக்கவில்லை மகன். மாமாவுக்கு இப்படி என்று உனக்குச் சொல்ல வேண்டுமே என்றுதான் எடுத்தேன். எல்லோரும் கேட்கட்டும் என்று தலைவர் ஒலியைக் கூட்டி மேசையில் வைத்தார்.

"முள்ளிக்குளத்தடியில எண்டு காட்டுதோ?" என்று நீ கேட்டாய். "மாமா அங்க போறேல்லயே அம்மா."

"ரீற்றாவும் அப்பிடித்தான் சொல்லுறா. ஆனா புள்ளி அங்கதான் நிக்குது."

"மற்றப் படகுகள் எங்க நிக்குது எண்டு பாருங்கோ."

அதுவரை நாங்கள் யாரும் மற்றப் புள்ளிகளைப் பார்க்கவில்லை. எங்கள் கண் எல்லாம் சூசையின் புள்ளியில். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டப் போனேன். 

"மகன், ஒரு படகு கரையில நிக்குது."

"கரையில எண்டா? மீன்வாடியடியிலயோ?"

"இல்லையடா. முசலிக் காட்டுக்குள்ள நிக்குது."

கந்தோரில் யாரோ சிரித்துவிட்டார்கள். நீ சிரிக்கவில்லை. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று நான் தொலைபேசியைக் கையில் எடுத்தேன். அப்போது நீ சொன்னதை ரீற்றா கேட்டாள், தலைவர் கேட்டார், வாசலில் நின்றவர்கள் எல்லோரும் கேட்டார்கள்.

"அம்மா, நான் வடக்கையும் கிழக்கையும் இடம் மாத்தி வச்சனான். உங்கட ஜன்னலை மாத்த மறந்துபோனன். இண்டைக்குப் பதிஞ்ச எல்லாப் படகும் பிழையான இடத்தில நிக்குது. என்ர பிழை. தேடுற ஆக்களை உடன திருப்புங்கோ."

உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிடம் எனக்கு உன்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். ரீற்றா முந்திவிட்டாள். "பிழையைப் பிறகு பாப்பம். அவர் எங்க நிக்கிறார் எண்டு சொல்லு தம்பி" என்றாள். "ரெண்டையும் மாத்திப் பாருங்கோ மாமி. வடக்கு ஐம்பத்திரண்டு, கிழக்கு முப்பத்தெட்டு" என்று கொழும்பிலிருந்தே அட்டவணையைப் பார்த்துச் சொன்னாய். தலைவர் சுவரில் இருந்த கடதாசி வரைபடத்தில் விரலை வைத்து அந்த இடத்துக்கு இழுத்தார். ரீற்றா, "ஓம், அதுதான் அவர் போற இடம்" என்றாள்.

அதன் பிறகு நடந்ததை நீ பார்க்கவில்லை. அதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். நீ அங்கே எதையோ தட்டிக்கொண்டிருந்தாய். விசைகளின் சத்தம் மட்டும் எங்களுக்குக் கேட்டது. நாங்கள் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். திடீரென்று எல்லாப் புள்ளிகளும் ஒன்றாக அசைந்தன. காட்டுக்குள் நின்ற படகு கடலுக்கு வந்தது. முள்ளிக்குளத்தடியில் நின்ற சூசை ஆழக்கடலுக்குப் போனான். ஒவ்வொருவரும் தங்கள் தங்கள் இடத்துக்குப் போய் நின்றார்கள். வாசலில் நின்றவர்கள் ஆவென்று ஒரே சத்தம். காட்டுக்குள் நின்றதாகக் காட்டிய அந்தப் படகுதான் சூசைக்கு ஆகக் கிட்ட நின்றது. அதுவரை அது எங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் கரையிலிருந்து யாரையும் அனுப்பியிருக்கவே தேவையில்லை. அந்தப் படகுக்காரனுக்கு எடுத்தேன். நல்ல காலம், அவனுக்குத் தொடர்பு கிடைத்தது. "வலையை விட்டுட்டுப் போறன் அக்கா" என்றான். வலையை இழுத்தால் நேரம் போகும் என்று மிதவையைக் கட்டிவிட்டுப் போனான்.

வெயில் சாய முன்னம் அவன் எடுத்தான். "கண்டுட்டம் அக்கா. ரெண்டு பேரும் இருக்கினம். நசீர் நானா கொஞ்சம் களைச்சுப் போயிருக்கிறார், ஆனா கதைக்கிறார்" என்றான். பின்னால் சூசையின் குரல், "படகைக் கட்டியிழுக்கக் கயிறு இருக்கோ எண்டு கேள்" என்று யாரையோ அதட்டுவது கேட்டது. அந்த அதட்டல் சத்தம் கேட்டதும் ரீற்றா செபமாலையை முத்தமிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. எனக்கும் அதே நிலைதான். நான் உனக்குத் திரும்ப எடுத்துச் சொன்னேன். "சரி அம்மா" என்று சொல்லி வைத்துவிட்டாய். அன்று வைத்ததுதான் மகன். அதற்குப் பிறகு நீ கதைத்ததெல்லாம் கதையே இல்லை.

மன்னார் ஆஸ்பத்திரியில் நசீருக்குத் தையல் போட்டார்கள். ரத்தம் கொஞ்சம் கூடப் போயிருந்தது. இன்னும் சுணங்கியிருந்தால் கஷ்டம் என்று டொக்டர் சொன்னது உண்மை. அதை நான் உனக்கு மறைக்கவில்லை. மறைத்தால் நீ வேறு யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொண்டு இன்னும் பெரிதாக்குவாய். உன் பிழையால் நேரம் போனது. அது போனதுதான். ஆனால் நீ அந்தக் கதையை அந்த இடத்திலேயே நிறுத்தி வைத்திருக்கிறாய். கதை அங்கே நிற்கவில்லை. நசீர் இப்போது என் தேநீரைக் குடிக்கிறார்.

நீ அன்றைக்கே என் ஜன்னலைத் திருத்தினாய். பிறகு தலைவருக்கு ஒரு நீண்ட மின்னஞ்சல் எழுதி மன்னிப்புக் கேட்டு, இனி வேறு யாரையும் வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தாய். தலைவர் அதை அச்சடித்து எனக்குத் தந்தார். மன்னிப்பை விட்டுவிட்டு மற்றதை நான் பல தரம் வாசித்தேன். அட்டவணையில் நிரல்கள் எந்த ஒழுங்கில் நிற்கின்றன என்பதை நம்பி எதையும் செய்யக்கூடாது. உள்ளே போடும்போதும் பெயர் சொல்லிப் போட வேண்டும், வெளியே எடுக்கும்போதும் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். ஒழுங்கு என்பது பார்க்கிறவர்களின் வசதிக்குத்தான், நாளைக்கு யாரும் மாற்றலாம் என்று எழுதியிருந்தாய். வாசிக்கும்போது எனக்கு அக்கரையில் நாங்கள் இருந்த அகதி முகாம் ஞாபகம் வந்தது. உனக்கு இதை நான் சொன்னதில்லை. சண்டைக் காலத்தில் நாங்கள் வள்ளத்தில் இந்தியாவுக்குப் போய் இறங்கியபோது நான் சின்னப் பெண். பதிகிற அலுவலர் பெயர் கேட்டார். எங்கள் வழக்கப்படி அப்பாவின் பெயரை முன்னுக்கும் என் பெயரைப் பின்னுக்கும் சொன்னோம். அவர் முன்னுக்கு வந்ததுதான் பெயர் என்று பதிந்துவிட்டார். அடுத்த நாள் அரிசி கொடுக்கிற இடத்தில் "அந்தோனிப்பிள்ளை! அந்தோனிப்பிள்ளை!" என்று கூப்பிட்டார்கள். அப்பா எழும்பிப் போனார். "நீங்க இல்லை, பொம்பிளைப் பிள்ளை" என்று திருப்பி விட்டார்கள். நான் போகவில்லை, அது என் பெயர் இல்லையே! கடைசியில் சூசைதான் என்னைத் தள்ளிக்கொண்டு போய், "இவதான் அந்தோனிப்பிள்ளை" என்று நிறுத்தினான். இரண்டு பெயரும் சரி, எழுதினவரும் நல்ல மனுசன், ஆனால் எது யாருடைய பெயர் என்று ஒருவரும் சொல்லவுமில்லை, கேட்கவுமில்லை. முகாமில் இருந்த காலம் முழுக்க நான் என் அப்பாவாக இருந்தேன். இன்றைக்கும் கோபம் வந்தால் சூசை என்னை அந்தோனிப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவான்.

நீ போகிற நாட்டிலும் இது நடக்கும். உன் கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர் முன்னுக்கு இருக்கிறது. கந்தோரில் உன்னை அந்தப் பெயரால் கூப்பிடுவார்கள். ஒரு நாள், இரண்டு நாள் பொறுக்கலாம். பிறகு நிமிர்ந்து நின்று உன் பெயரைச் சொல். அவர்களுக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டு பேசாமல் இருக்காதே. எங்களுக்குள் தெரிந்தது என்று நாங்கள் சொல்லாமல் விட்டதுதான் அன்றைக்கு எல்லோரையும் அலையவைத்தது. சூசை வடக்கு என்று ஒரு சொல் சொல்லியிருந்தால், நான் வடக்கா என்று ஒரு சொல் கேட்டிருந்தால், எது வடக்கு என்று மனதில் நின்றிருக்கும், திரையில் பிழையை நானே கண்டிருப்பேன். அந்தப் பழைய ஜன்னலும் எங்களிடம் பழகின மாதிரித்தான், பெயர் சொல்லாமல், நடந்தது.

சங்கக் கூட்டத்தில் இதைப் பற்றிப் பெரிய கதை வந்தது. உனக்கு யாராவது பாதி சொல்லியிருப்பார்கள், மீதியையும் கேள். ஒரு பெரியவர் எழும்பி, தொலைக்காட்சியைக் கழற்றிவிட்டுப் பழையபடி கொப்பியில் எழுதச் சொன்னார். "கொப்பியில எழுதினா வடக்கு கிழக்காகுமோ?" என்று கேட்டார். அது நியாயமான கேள்வி. சூசை எழும்பினான். கூட்டத்தில் வாயே திறக்காத ஆள் அவன்.

"கொப்பியில நான் சரியான இடத்தில நிண்டிருப்பன், ஓம்" என்றான். "ஆனா எனக்குக் கிட்ட ஆர் நிண்டது எண்டு கொப்பி சொல்லியிருக்குமோ? கரையில இருந்துதான் ஆள் வந்திருக்கும். அதுக்கும் அவ்வளவு நேரம் ஆகியிருக்கும்." பிறகு சொன்னான்: "பெடியன் பிழை விட்டவன். ஆனா ஒருத்தரும் காணாத பிழை அது. இரகசியமாத் திருத்திப்போட்டு, இப்ப பாருங்கோ அம்மா எண்டு சொல்லியிருக்கலாம். ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது. அவன் என்ர மனிசிக்குக் கேக்கத்தக்கதாச் சொன்னவன். இஞ்ச இருக்கிற நாங்கள் எத்தனை பேர் அப்பிடிச் சொல்லுவம்?"

நசீர் கட்டுப் போட்ட கையைத் தூக்கினார். "எனக்கிட்ட ஒருத்தரும் கேக்கல்லியே, வெட்டுப்பட்டது என்ட கை" என்றார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். "அல்லாஹ் காப்பாத்தினான். அந்தப் பெட்டி சுவர்ல இருக்கட்டும். புள்ளயயும் விட வேணாம்" என்று சொல்லிக் கையை இறக்கினார். தொலைக்காட்சி அங்கேயேதான் இருக்கிறது. இனி எல்லாப் படகும் வடக்கு, கிழக்கு என்று சொல்லித்தான் இடம் சொல்ல வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அதைக் கொண்டுவந்தது சூசை. முதல் கிழமை பெரிய பகிடி. காற்று இரைகிற கடலில் நின்று "வடக்கூ" என்று கத்துவார்கள், எனக்குக் காது அடைத்துப்போகும். இப்போது பழகிவிட்டது. நான் திருப்பி வாசித்துக் காட்டுகிறேன், அவர்கள் ஓம் என்று சொன்னபிறகுதான் பதிகிறேன்.

நீ விட்ட வேலையை வேறு ஒருவருக்கும் கொடுக்கவில்லை. தலைவர் உன் மின்னஞ்சலுக்குப் பதில் போடாமல் இருப்பது கோபத்தில் அல்ல. என்ன எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை. இரண்டு தரம் தொடங்கி என்னிடம் காட்டினார். இரண்டும் அரசாங்கச் சுற்றறிக்கை மாதிரி இருந்தன. நான்தான் அனுப்ப வேண்டாம் என்றேன். 

மாமாவின் முகத்தைப் பார்க்க முடியாமல்தான் நீ ஊருக்கு வராமல் நேரே விமான நிலையத்துக்குப் போகப் பார்க்கிறாய். நேரமில்லை, சாமான் கட்ட வேண்டும் என்று நீ சொன்னதை நான் நம்பவில்லை, சூசையும் நம்பவில்லை. உனக்கு என்ன எழுதப் போகிறேன் என்று போன ஞாயிறு பூசை முடிந்து வரும்போது அவனிடம் சொன்னேன். "நீ எழுதுற கடுதாசி வாசிச்சு முடிக்க அவன் கிழவனாப் போவான்" என்றான்.

உன் மாமாவுக்குக் கொழும்பு பிடிக்காது என்று உனக்குத் தெரியும். ஒரு தரம் கடவுச்சீட்டு எடுக்கப் போய், ஒரே நாளில் திரும்பி வந்து, இனி அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டேன் என்று சொன்னவர். இன்று விடிய நான் கந்தோர் திறக்க வந்தபோது, வெளுத்த சேட்டும் காற்சட்டையும் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். உன் விலாசத்தை எழுதித் தரச் சொன்னார். வீட்டு இலக்கம், வீதி, ஊர் என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் போட்டு எழுதிக் கொடுத்தேன்.

"என்ன சொல்லப் போறாய் அவனிட்ட?" என்று கேட்டேன்.

"சொல்ல என்ன கிடக்கு? பசிக்குது, சாப்பிடப் போவம் வா எண்டு சொல்லுவன்."

நீ இதை வாசிக்கும்போது அவர் கொழும்பில் இறங்கியிருப்பார். தட்டுகிற சத்தம் கேட்டால் கதவைத் திற. பஸ் பதிந்த துண்டை என்னிடம் காட்டிவிட்டுத்தான் போனார். போவதற்கு ஒரு இருக்கை. நாளைக்குத் திரும்பி வருவதற்கு இரண்டு.

அம்மா